அவர் பார்த்தது என்னை அல்ல

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் காலையில் என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இட்லியைப் பிய்த்து அவர் வாயருகே கொண்டுபோயிருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. கண் இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க" என்றேன்.

இடது கை, நோய் தொடாத நல்ல கை, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், அடுப்பைப் பார்த்து நின்றபடி அழுதேன். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்.

அவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் ஊருக்கு வெளியே இருக்கிற கிடங்குகளுக்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியவர். நான் ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்க்கிற ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கன்டெய்னர் பெட்டியின் நம்பரும் சீல் நம்பரும் பத்திரத்தில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டே பேர். அதனால் எங்களுக்குள் சண்டை வந்தால் நடுவில் பேச ஆள் கிடையாது.

அவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது ஒரு வருஷத்துக்கு முன்பே தெரியும். மாத்திரை கொடுத்திருந்தார்கள். தினமும் போடுகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவருடைய சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தபோது உள்பையில் அட்டை அட்டையாக மாத்திரைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. கேட்டதற்கு, "அதப் போட்டா தல சுத்துது, வண்டி ஓட்ட முடியல" என்றார். அதை என்னிடம் சொல்லியிருந்தால் டாக்டரிடம் போய் மாற்றி வாங்கியிருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு விழுந்து கெடந்தா நான் பாக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு நாலு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் முன்னறையில் படுத்தேன். அவர் உள்ளே படுத்தார். சாப்பாட்டை மேசையில் வைத்தேன், அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் காலையில் பின்பக்கம் குழாயடியில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பல் விளக்குகிற பிரஷ் தரையில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஏதோ சொல்ல வந்தார். "த... த..." என்பதற்கு மேல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடைசியா அவர் நல்லா இருந்தத நீங்க எப்போ பாத்தீங்க?"

மூளையில் அடைத்திருக்கிற ரத்தக் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. வாதம் ஆரம்பித்துச் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்காகத்தான் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. அன்று காலை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் தட்டை வைத்தபோதும் பார்க்கவில்லை. தூக்கத்திலேயே வந்ததா, எழுந்த பிறகு வந்ததா, தெரியாது. "நேரம் தெரியாம போட்டா ரத்தம் கசிஞ்சிரும்மா" என்று டாக்டர் சொன்னார். ஊசி போடவில்லை.

வலது கையும் காலும் தளர்ந்துபோயின. பேச்சு போனது. பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவரிடம் இருந்த வார்த்தைகள் "சரி", "இல்ல" இரண்டும்தான். அதையும் மாற்றி மாற்றிச் சொல்லுவார். இப்படி ஒரு மனிதர் இட்லியை வாங்காமல் என் முகத்தையே பார்த்தால், அது என்ன பார்வை என்று நான் நினைப்பேன்?

மறுநாளும் பார்த்தார். அடுத்த நாள் இரண்டு தடவை. நான் தலை துவட்டிவிடும்போது ஒன்று, ஜன்னலைத் திறக்கும்போது ஒன்று. ஒவ்வொரு தடவையும் உதட்டைச் சப்புக்கொட்டுவது மாதிரி ஒரு சத்தம் வேறு. ஒருவரை இளக்காரமாகப் பார்க்கும்போது அப்படிச் சத்தம் கொடுப்போமே, அது மாதிரிதான் எனக்குக் கேட்டது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்ன வேணும்னாலும் ஏசிருங்க, இப்படிப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்கும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ தூங்கி விழித்தவர் போல என்னைப் பார்த்து "சரி" என்றார்.

நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் அவருடைய அக்கா மணப்பாட்டிலிருந்து வந்து தங்கினார். மதினிக்குத் தம்பி என்றால் உயிர். தாய் இல்லாத வீட்டில் தூக்கி வளர்த்தவர். வந்த மூன்றாம் நாள், நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே வாசலுக்கு வந்தார்.

"ஏளா, ஒன்னைய அவன் ஒரு மாதிரி பாக்கான்னு சொன்னேல்லா? இன்னைக்கு என்னையும் பாத்தான்."

"ஒங்களையா?"

"ஆமா. மத்தியானம் மீன் முள்ளு எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன். அப்படியே பாக்கான். ஏலே, ஏலேன்னு கூப்பிடுதேன், பேச்சு மூச்சு இல்ல. நான் எந்திச்சு அந்தப் பக்கம் போயிட்டேன்."

"கோவமா இருக்கும் மதினி. என் மேல உள்ள கோவம்."

மதினி மெதுவாகச் சொன்னார். "கோவத்துல பாக்கவன் கண்ணு நாம நகர்ந்தா கூடவே வரும்லா. நான் நகர்ந்துட்டேன். அவன் நான் இருந்த எடத்தையே பாத்துக்கிட்டு இருக்கான். அங்கன செவுருதான் இருக்கு."

இத்தனை நாளும் அந்தப் பார்வை வரும்போது நான் ஒரு தடவைகூட நகர்ந்து பார்க்கவில்லை. குற்றவாளி மாதிரி நேரே நின்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து குறித்துவைக்கத் தொடங்கினேன். அலுவலகத்தில் கிடந்த பழைய டைரி ஒன்றில் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எந்தக் கை என்ன செய்தது என்று எழுதினேன். அதற்கு முன்னால் வந்தவற்றை நினைவிலிருந்து முதல் பக்கத்தில் 'கோபம்' என்று போட்டு எழுதிவைத்தேன். நான் இல்லாத நேரத்தில் மதினி கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு சாயங்காலம் சொல்லுவார். ஒரு வாரத்தில் ஒன்று தெரிந்தது. எல்லாம் ஒரே மாதிரிதான். முதலில் பார்வை நிலைக்கும். பிறகு உதடு சப்புக்கொட்டும். இடது கை எதையாவது பிடித்துப் பிடித்து விடும். வலது கை கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முடிந்த பிறகு, இருக்கிற இரண்டு வார்த்தையும் கொஞ்ச நேரத்துக்கு இருக்காது. கோபப்படுகிற மனிதர் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில் கோபப்பட மாட்டார்.

டைரியை எடுத்துக்கொண்டு முதலில் பார்த்த டாக்டரிடமே போனேன். அவர் பொறுமையாக வாசித்தார். "ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குப் பிறகு வலிப்பு வர வாய்ப்பு இருக்கும்மா. ஆனா இப்படி வெறிச்சுப் பாக்கிறது மனச்சோர்வுலயும் வரும். எதுக்கும் இ.இ.ஜி. எடுத்துப் பாப்போம்" என்றார்.

தலை நிறையக் கம்பிகளை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். அரை மணி நேரம் இயந்திரம் ஓடியது. அந்த அரை மணி நேரமும் என் கணவர் சாதுவாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒன்றுமே வரவில்லை. தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். "இதுல வலிப்புக்கான அறிகுறி இல்ல. மனசுக்கு ஒரு மாத்திரை எழுதுதேன். முடிஞ்சா அடுத்த தடவை அவர் அப்படிப் பாக்கும்போது செல்போன்ல வீடியோ படம் எடுத்துக்கிட்டு வாங்க."

படம் எடுக்க எவ்வளவோ பார்த்தேன். அது வந்துவிட்டது என்று தெரிந்து, போனைத் தேடி, பூட்டைத் திறந்து, கேமராவைப் பிடிப்பதற்குள் முடிந்துபோகும். இரண்டு தடவை கிடைத்த படத்தில் ஒரு மனிதர் களைப்பாக உட்கார்ந்திருப்பதுதான் இருந்தது. அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குச் சாய்த்து போனை ஓடவிட்டு வைத்தேன். அவர் மதினியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார், அங்கேதான் வந்தது. மதினிக்குப் போன் பிடிக்கத் தெரியாது. பிடித்த ஒரு படத்தில் முழுக்க அவருடைய விரல்தான் இருந்தது.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. டாக்டர் இல்லை என்கிறார். இயந்திரமும் இல்லை என்கிறது. அப்படியானால் அது கோபம்தானோ, மதினியும் நானும் சேர்ந்து கற்பனை பண்ணுகிறோமோ என்று தோன்றும். உண்மையைச் சொன்னால், அது வலிப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கட்டின புருஷனுக்கு வலிப்பு வரவேண்டும் என்று ஆசைப்படுகிற பெண்ணைப் பற்றி யாரிடம் சொல்ல முடியும்?

இரண்டு மாதத்தில் அவர் கம்பை ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. அந்த இடம் துறைமுகக் குடியிருப்புப் பக்கம், உப்பளங்களைத் தாண்டிப் போக வேண்டும். வழக்கமாக வருகிற ஆட்டோ ஒருநாள் வரவில்லை. போன் செய்தால் திருச்செந்தூருக்குச் சவாரி போய்விட்டதாகச் சொன்னார். "ஸ்கூட்டர்ல போயிருவோமா?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "சரி" என்றார். அந்தச் "சரி" சரிதான் என்று கண்ணிலேயே தெரிந்தது. வண்டியில் ஏறி எத்தனை நாள் ஆகிவிட்டது அவருக்கு.

மதினி வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் கேட்கவில்லை. அவரைப் பின்னால் உட்காரவைத்து, ஒரு நீளத் துண்டை அவர் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி, என் வயிற்றுக்கு முன்னால் முடிச்சுப் போட்டேன். இடது கையை என் தோளில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

துறைமுகச் சாலையில் அந்த நேரத்தில் டிரெய்லர்கள் வரிசையாகப் போகும். இடது ஓரத்தில் தார் முடிந்ததும் சரிவு, அதற்குக் கீழே உப்பளத்துக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால். நான் மெதுவாகத்தான் போனேன். பாதி வழியில், என் தோளில் இருந்த கை சேலையைப் பிடித்தது. விட்டது. பிடித்தது. விட்டது.

காதுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. உதடு சப்புக்கொட்டுகிற சத்தம்.

"ஏங்க" என்றேன். "ஏங்க, கேக்குதா?"

பதில் இல்லை. அவர் முகத்தை நான் பார்க்க முடியாது. அவருக்கும் என் முகம் தெரியாது. என் முதுகைப் பார்த்து யாரும் கோபப்படப் போவதில்லை. அது வந்துவிட்டது என்று அப்போது எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. அவர் கை தோளிலிருந்து நழுவத் தொடங்கியது. நான் இடது கையை எடுத்து அவர் கையைத் தோளோடு சேர்த்து அமுக்கிக்கொண்டேன். பின் பிரேக் அந்தக் கையில்தான். ஒற்றைக் கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, முன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பிடித்தேன். சட்டென்று அழுத்தினால் இரண்டு பேரும் விழுவோம், பின்னால் வருகிறவர் நிறுத்த முடியாது. அவர் உடம்பு வலது பக்கமாக, சாலைப் பக்கமாகச் சாய்ந்தது. துண்டு என் இடுப்பை அறுத்தது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனேன். டைரிக்காக எண்ணிப் பழகிய பழக்கம். இருபத்தெட்டு எண்ணும்போது முன்சக்கரம் மண்ணில் இறங்கியது. இரண்டு காலையும் ஊன்றினேன்.

வண்டி நின்றதும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. என் முதுகில் சாய்ந்திருந்த அவர் நெஞ்சு இரும்பு மாதிரி விறைத்தது. வலது கை என் விலாவில் இடித்தது. மறுபடியும் இடித்தது. பிறகு முழு உடம்பும் துள்ளத் தொடங்கியது.

என்னால் இறங்க முடியவில்லை. துண்டால் அவரோடு கட்டிக்கிடந்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது. ஸ்கூட்டர் ஆடியது. "யாராவது வாங்க" என்று கத்தினேன்.

பின்னால் வந்த டிரெய்லர் நின்றது. அதன் டிரைவர், ஐம்பது வயதுக்காரர், இறங்கி ஓடி வந்து அவரைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். உப்பளத்திலிருந்து ஒரு அம்மா வரப்பில் ஏறி வந்தார். முழங்கால் வரை உப்புச் சேறு. முடிச்சை விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, குனிந்து பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். மூன்று பேருமாக அவரைத் தரையில் இறக்கினோம்.

"சாவியக் கையில குடுங்க, நின்னுரும்" என்று டிரைவர் தன் சாவிக்கொத்தை நீட்டினார்.

"வேண்டாம் அண்ணாச்சி. சாய்ச்சுப் படுக்கவச்சாப் போதும்." போன வாரங்களில் அலுவலகத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றித்தான் போனில் வாசித்துக்கொண்டிருந்தேன். அவரை இடது பக்கமாகச் சாய்த்து, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தேன். உப்பள அம்மா 108-க்குப் போன் போடும்படி டிரைவரிடம் சொன்னார்.

அப்போதுதான் பார்த்தேன். பைக்கில் வந்த ஒருவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் போன் பேசியபடியே அவரைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, போன உள்ள வையி. மனுசன் துடிச்சுக்கிட்டுக் கெடக்கான், படமா புடிக்க?"

அந்த ஆள் போனைத் தாழ்த்தினார்.

"நிறுத்தாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோடதோ மாதிரி இருந்தது. "எடுங்க. கிட்ட வந்து எடுங்க. மொகம் தெரியணும். வலது கை தெரியணும்."

அவர் புரியாமல் நின்றார்.

"டாக்டர்ட்ட காட்டணும் அண்ணாச்சி. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், எடுங்க."

அவர் வந்து மண்டிபோட்டு உட்கார்ந்து எடுத்தார். நான் என் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் இன்றைக்கும் என் குரல் கேட்கும். எழுபது, எழுபத்தொன்று. தொண்ணூறு தாண்டும்போது துள்ளல் குறைந்தது. நூற்றுப் பத்தில் நின்றது. பெரிய மூச்சாக ஒன்று விட்டார். நாக்கைக் கடித்ததில் உதட்டோரம் ரத்தம். பேன்ட் நனைந்திருந்தது. யாரும் சொல்லாமலே உப்பள அம்மா தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து அவர் இடுப்பின் மேல் போட்டார். பைக்காரர் படத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டு, தன் போனிலிருந்து அழித்ததையும் எனக்குக் காட்டினார்.

அங்கிருந்து முதலில் உள்ளூர் ஆஸ்பத்திரி, மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பியல் டாக்டரம்மா. அவர் படத்தை மூன்று தடவை பார்த்தார். டைரியை வரி விடாமல் வாசித்தார்.

"இந்தப் பெரிய வலிப்புக்கு முன்னால என்ன நடந்துச்சு?"

"இடது கை என் தோள்ல சேலையப் பிடிச்சுப் பிடிச்சு விட்டுது. வாய் சப்புக்கொட்டுச்சு. வழக்கமா வர்றது மாதிரிதான். அதுக்குப் பெறகுதான் வலது கை இழுத்துச்சு."

"நீங்க கோபம்னு எழுதியிருக்கீங்களே முதல் பக்கத்துல, அதுவும் இதேதான்." டைரியை மூடினார். "போன தடவை எடுத்த இ.இ.ஜி. தப்பில்ல. அந்த அரை மணி நேரத்துல வரலைன்னுதான் அதுக்கு அர்த்தம். ஒரு நாள் முழுக்க எடுத்துப் பாப்போம்."

காலையில் கம்பிகளை ஒட்டினார்கள். எதிரே ஒரு கேமரா. என் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, வந்ததும் அழுத்தச் சொன்னார்கள். வலிப்பு மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை. ஏதாவது ஆனால் போடுவதற்கு ஊசி தயாராக இருந்தது. நான் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். காலை முழுவதும் ஒன்றும் வரவில்லை. மத்தியானம் சோறு ஊட்டினேன், சாப்பிட்டார். மூன்று மணிக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. போகாமல் இருந்தேன். நாலு மணி சுமாருக்கு நர்ஸ் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போனதும் அவர் பார்வை நிலைத்தது. பொத்தானை அழுத்தினேன். பக்கத்துத் திரையில் மெல்லிய கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தவை ஒரு பக்கம் மட்டும் தடித்து, பல் பல்லாக எழும்பி, மற்றக் கோடுகளுக்கும் பரவின. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் விரல் போர்வையைப் பிடித்து விட்ட நேரமும் அந்தக் கோடுகள் எழும்பிய நேரமும் ஒன்றாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் டாக்டரம்மா சொன்னதைக் கேட்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "நீங்க ஒரு தடவை அழுத்தியிருக்கீங்க. பதிவுல நாலு இருக்கு."

"நான் அசையாமப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன் மேடம்."

"மீதி மூணுக்கும் வெளிய ஒரு அசைவும் இல்ல. சும்மா உக்காந்திருக்கிறவர் மாதிரிதான் இருப்பார். யார் பாத்தாலும் தெரியாது. பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்துலதான் கிளம்புது. பேச்சு திரும்பி வராததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

மாத்திரை தொடங்கியது. எழுதிக் கொடுக்கும்போதே, "இதுல சில பேருக்குக் கோபம் அதிகமா வரும், வந்தா உடனே சொல்லுங்க" என்றார். பத்து நாளில் அந்தப் பார்வை வருவது நின்றது. அதே பத்து நாளில் அவர் சிடுசிடுப்பானார். ஒருநாள் காபியில் சீனி இல்லையென்று தம்ளரை வீசினார். அது மதினியின் காலருகே போய் விழுந்தது. நான் அங்குமிங்கும் போனபோது அவர் கண் என்னோடேயே வந்தது. மதினியும் அதைக் கவனித்தார். தரையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "இதுதான் கோவம்" என்று மட்டும் சொன்னார். டாக்டரம்மாவிடம் சொன்னோம். மாத்திரையை மாற்றினார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் பழையபடி ஆனார்.

பேச்சு வந்தது, ஆனால் வரிசையாக வரவில்லை. இரவில் நாங்கள் சொல்கிற ஜெபம் வருவதற்கு முன்னால் நம்பர் வந்தது. நான் வீட்டுக்குக் கொண்டுவந்த பத்திரங்களில் இருந்த பெட்டி நம்பர்களை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். பிறகு மதினியைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு என் பெயர்.

ஊசிக்காக முதல் டாக்டர் கேட்ட அந்தக் கேள்வியை, மாத்திரை மாற்றி மூன்று மாதம் கழித்துத்தான் அவரிடம் சொன்னேன். மதினி ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், இடது கையால், வலது கை பூண்டைப் பிடித்துக்கொள்ள.

"அன்னைக்கு டாக்டர் என்கிட்ட கேட்டாங்க" என்றேன். "கடைசியா நீங்க நல்லா இருந்தத எப்பப் பாத்தீங்கன்னு. எனக்குச் சொல்லத் தெரியல. சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பாங்க."

அவர் பூண்டை வைத்தார். ரொம்ப நேரம் வாயை அசைத்துப் பார்த்தார்.

"எந்திக்கும்போதே," என்றார். நிறுத்தினார். "கை... மரத்து. இருந்து."

எழுந்திருக்கும்போதே கை மரத்திருந்தது என்கிறார். அப்படியானால் தூக்கத்திலேயே வந்துவிட்டது. நான் பக்கத்தில் படுத்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருக்கலாம் என்றும் ஒரு பக்கம் மனது சொல்கிறது. அது முழுவதுமாக ஓயவில்லை.

"நான் அப்படிச் சொன்னது நெனப்பு இருக்கா? பாக்க மாட்டேன்னு சொன்னது?"

அவர் தலையை ஆட்டினார், இருக்கிறது என்று. பிறகு என் கத்தியைப் பார்த்து, "வெரலு," என்றார். பேசிக்கொண்டே நான் விரல் பக்கம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இனி டிரெய்லர் ஓட்ட முடியாது. அதை முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். நான் வெளியே நின்றேன். காலையில் வண்டி நிற்கிற யார்டுக்குப் போய் உட்கார்ந்து வருகிறார். போன மாதம் காய்ச்சல் வந்து இரண்டு வேளை மாத்திரை தவறியபோது ஒரு தடவை அந்தப் பார்வை வந்தது. நாற்பது எண்ணுவதற்குள் சரியாகிவிட்டது. மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். நான் இன்னும் அவர் சும்மா இருக்கும்போதெல்லாம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவருக்கு அது எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த வாரம் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும். இந்தத் தடவை டாக்டரம்மாவிடம் தான்தான் பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை வருஷம் மாத்திரை போட வேண்டும் என்று கேட்க வேண்டுமாம். காலையில் யார்டுக்குக் கிளம்புமுன் கண்ணாடி முன்னால் நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறார். "எத்தனை" தான் வர மாட்டேன் என்கிறது. மற்றதெல்லாம் வந்துவிட்டது.